ஒருத்தி மட்டும் படித்த எட்டாம் வகுப்பு

பழைய பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் 'கறார் டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் நாளடைவில் தலைமையாசிரியரே ஒரு கூட்டத்தில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. கணக்குப் பாடத்தில் அரை மார்க்குக்குக்கூட இரக்கம் காட்டாதவள். பரீட்சை ஹாலுக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்தால் பாதிப் பேர் பிட்டுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதே சமயம் ஒரு பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்றால், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். புரிகிற வரை அதை எழுந்திருக்க விடமாட்டாள். தானும் எழுந்திருக்க மாட்டாள்.

இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அப்படியே ஓடிவிட்டது. வகுப்புகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போயின. கடைசி பெஞ்சு முகங்கள் அவளுக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தன. கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் கடைத்தெருவில் வணக்கம் சொன்ன பையனிடம், "நீ எந்த ஸ்கூல்ப்பா?" என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கி, "உங்க கிளாஸ்தான் மிஸ்" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தோள்பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எல்கேஜி டீச்சர் ஃபோன் பண்ணினாள். ஒரு காலத்தில் அதே பள்ளியில் மழலைகளை மேய்த்தவள். வயதில் இளையவள், கறார் டீச்சரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். புருஷனுடைய வேலைக்காக வெளிநாடு போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் திட்டம்தான் கொட்டும். அன்றைக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தாள். வேலைக்காகப் பல தேசங்களிலிருந்து வந்து அங்கே குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பாஷை புரியவில்லை. பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூல்களிலோ இடம் கிடைப்பதில்லை. நாமே சின்னதாக ஒன்று தொடங்கலாம், ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குச் சின்னதாக, என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் கறார் டீச்சர் விழுந்தாள்.

கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கம்ப்யூட்டரும் ஒரு மேஜையும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் அந்த வேலையைச் செய்யலாம். அவர் அதிகம் பேசமாட்டார். யோசித்துவிட்டு, "உனக்கு இது தேவைப்படுது. போலாம்" என்றார். முரண்டு பிடித்தது மகள்தான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தோழிகள் கூட்டத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவள். பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிற தூரம் கொஞ்சம்தான்; ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பேசிவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"முடிவெல்லாம் பண்ணிட்டு என்கிட்ட சொல்றீங்க. கேக்கலையே" என்றாள்.

கறார் டீச்சர் பொறுமையாகத்தான் விளக்கினாள். புது ஊர், புது அனுபவம், அம்மாவே ஆரம்பிக்கிற பள்ளி, நீதான் முதல் மாணவி என்றெல்லாம் சொன்னாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த வீடு முன்பு பல் ஆஸ்பத்திரியாக இருந்தது. மாடியும் கீழுமாக ஆறேழு அறைகள். அறைக்கு ஒரு வாஷ்பேசின். என்ன கழுவினாலும் மருந்து வாடை சுவரை விட்டுப் போக மறுத்தது. முதல் வாரம் சேர்ந்த ஒரு வாண்டு வாசலிலேயே வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று அழுதது. அதற்கு முந்தின வருஷம்தான் அதே வீட்டில் அதற்குப் பல் பிடுங்கியிருந்தார்களாம். எல்கேஜி டீச்சர் தரையில் உட்கார்ந்து தன் வாயை அகலத் திறந்து காட்டி, நீ வேண்டுமானால் என் பல்லை எண்ணிக்கொள் என்றாள். எண்ணி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. அந்த வித்தை கறார் டீச்சருக்குச் சாகும்வரை வராது. அதனால்தான் இருவரும் சேர்ந்தார்கள்.

சிறு வகுப்புகளுக்கு மெல்ல மெல்லப் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு நிறம். விளையாட்டு இடைவேளையில் எல்லாருமே ஒரே பாஷையில் சண்டை போட்டார்கள். அது எந்த நாட்டுப் பாஷை என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கறார் டீச்சர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வருஷக்கணக்கில் சேர்ந்திருந்த களைப்பு ஒரே மாதத்தில் இறங்கிவிட்டது போலிருந்தது.

ஆனால் பள்ளி நடத்துவதற்கான அனுமதி விண்ணப்பத்தில் அவர்கள் கேட்டிருந்தது உயர்நிலைப் பள்ளி வரைக்கும். அது எல்கேஜி டீச்சரின் யோசனை. பெரிய வகுப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அக்கா தம்பி என்று குடும்பத்தோடு சேர்ப்பார்கள் என்பது அவள் கணக்கு. அந்தப் பெரிய வகுப்பில் இருந்தது ஒரே ஒரு மாணவி. டீச்சருடைய மகள்.

எட்டாம் வகுப்பு என்று எழுதி ஒட்டிய அறை, எக்ஸ்ரே எடுத்த அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, சுவரில் உலகப் படம். காலையில் அம்மா வந்து கணக்கும் அறிவியலும் எடுப்பாள். பிறகு எல்கேஜி டீச்சர் வந்து ஆங்கில இலக்கணம் எடுப்பாள். மற்ற நேரத்தில் மகள் தானே படிக்க வேண்டும். வகுப்பில் முதல் ரேங்கும் அவள்தான், கடைசி ரேங்கும் அவள்தான் என்று எல்கேஜி டீச்சர் சிரிப்பாள். முதல் தடவை மகளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இடைவேளையில் சின்னதுகள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அவளும் போவாள், கயிற்றைச் சுற்றுவாள், ஷூவுக்கு முடிச்சுப் போடுவாள். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். 'என்னம்மா' என்றால் 'ஒண்ணுமில்ல' என்பாள். பழைய தோழிகளோடு ஃபோனில் பேசுவதும் குறைந்துவிட்டது. அவர்கள் பேசுகிற விஷயம் இவளுக்குத் தெரியவில்லை. இவளிடம் சொல்வதற்கு விஷயம் இல்லை. கறார் டீச்சர் அதைக் கவனிக்காமல் இல்லை. வயசுக் கோளாறு, பாஷை புரிந்தால் சரியாகிவிடும், அடுத்த வருஷம் நாலு பேர் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இன்னொருத்தர் பிள்ளையாக இருந்தால் இப்படிச் சொல்கிற அம்மாவை முன்னால் உட்காரவைத்துக் கிழிகிழியென்று கிழித்திருப்பாள்.

அப்போது அவர்களுக்கு இருந்தது தற்காலிக அனுமதி. கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, சரி என்றால்தான் பள்ளி. இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டும். குடும்பம் அந்த நாட்டில் தங்கியிருந்ததே பள்ளியின் பேரில்தான். பள்ளி போனால் பெட்டி கட்ட வேண்டும். ஊரில் வேலையை விட்டாயிற்று, வீட்டைக் காலி பண்ணியாயிற்று. போய் இறங்க ஓர் இடம் இல்லை. அடுத்த வாரம் வருகிறோம் என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்த அன்று கறார் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரித்ததில், அவர்கள் கட்டடத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள், பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று தெரிந்தது. சின்னதுகளிடம் விளையாட்டாக இரண்டு வார்த்தை கேட்டு விட்டுவிடுவார்கள். பெரிய பிள்ளைகளிடம்தான் நிறையக் கேட்பார்கள். இந்தப் பள்ளியில் பெரிய பிள்ளை என்றால் ஒருத்திதான்.

ஆய்வுக்கு முந்தின நாள் மதியம், மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த கறார் டீச்சர் எக்ஸ்ரே அறையிலிருந்து குரல் கேட்டு நின்றாள். எல்கேஜி டீச்சர் தன் வாண்டுகளிடம் பேசுகிற அதே கொஞ்சல் குரலில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் பிடிச்சிருக்கா என்று கேட்டால் ரொம்பப் பிடிச்சிருக்கு என்று சொல்ல வேண்டும். தனியா இருக்கியே என்றால், தனியாக இருப்பதால் நன்றாகக் கவனிக்கிறார்கள், சீக்கிரமே புதுப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். எங்கே, ஒரு தடவை சொல்லு பார்ப்போம்.

மகள் சொல்லிக்காட்டவில்லை. அம்மா கதவருகே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று பார்க்கிற பார்வை.

கறார் டீச்சர் தோழியை வெளியே கூப்பிட்டாள். கூடத்தில் பிள்ளைகள் இருந்ததால் இருவரும் காலியாக இருந்த ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"அவளுக்கு எதுவும் சொல்லிக்குடுக்காதே" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்லலக்கா. கொஞ்சம் நல்லவிதமா சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான்."

"பிட்டு வச்சு எழுதின பிள்ளைங்கள நான் எத்தனை பேரை ஹாலை விட்டு எழுப்பியிருக்கேன். என் பொண்ணு கையில நானே பிட்டு குடுக்கவா?"

"இது பரீட்சை இல்லக்கா, நம்ம பொழப்பு. அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எதையாவது சொல்லிட்டா நாளைக்கு எல்லாரும் தெருவுல நிக்கணும். அந்தச் சின்னதுங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

 தோழி சொன்னதில் தப்பு இல்லை என்று கறார் டீச்சருக்குத் தெரிந்தது. இருந்தாலும், "அவ வாயில வர்றத அவ சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.  தாழ்ப்பாளை இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை வீட்டில் கணவர் பள்ளிக்கூடத்துக் கதவுகளுக்கு எடுத்துவந்த அளவைத் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சாப்பிட்டு எழுந்து போனாள். 'நாளைக்கு வர்றவங்க கேட்டா' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று கறார் டீச்சரின் தொண்டை வரைக்கும் வந்தது. தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டேப்பும் டார்ச்சும் வைத்திருந்த மனிதர். கதவு, படி, கைப்பிடி என்று அளந்துகொண்டே போனார். இன்னொருவர் நரைத்த தலையைக் கத்தரித்து விட்டிருந்த அதிகாரி அம்மா. சிரிக்கவும் இல்லை, கடுகடுக்கவும் இல்லை. வகுப்புகளின் பின்னால் போய்ச் சின்ன நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து கவனித்தார். நெருப்பு அலாரத்தை அடித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள், ஒரே ஒரு வாண்டைத் தவிர. அது தன் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்ப மேலே ஓடியது. எல்கேஜி டீச்சர் அதை இடுப்பில் அள்ளிக்கொண்டு இறங்குவதை அளவெடுக்கிற மனிதர் நின்று பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டார். எக்ஸ்ரே அறைக்குள் டார்ச்சை அடித்து நாலு சுவரையும் பார்த்துவிட்டு மறுபடி குறித்துக்கொண்டார்.

பிறகு அதிகாரி அம்மா, பெரிய மாணவியிடம் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முன்பு நோயாளிகள் காத்திருந்த அறையைத்தான் ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். அதற்குக் கண்ணாடிக் கதவு. மகள் உள்ளே போனாள். எதிரே இருந்த வகுப்பில் கறார் டீச்சர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் மகளின் முதுகும் பின்னலும் அதிகாரி அம்மாவின் முகமும் தெரிந்தன. சத்தம் கேட்காது. அந்த அம்மா ஏதோ கேட்பார். பின்னல் அசையாமல் இருக்கும். பிறகு தலை நிமிரும், கைகள் ஆடும். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மகள் கையை ஆட்டிப் பேசி அவள் பார்த்ததில்லை.

"மிஸ்" என்றது ஒரு குரல். திரும்பினாள். ஒரு சிறுமி பலகையைக் காட்டினாள். பாதியோடு கால் சேர்த்தால் ஆறில் இரண்டு என்று கறார் டீச்சரே தன் கையால் எழுதியிருந்தாள். மேலேயும் கீழேயும் அப்படியே கூட்டிப்போடுகிற தப்பு. எத்தனையோ பிள்ளைகளை அதற்காகத் திட்டியிருக்கிறாள். அழித்துவிட்டு முக்கால் என்று எழுதினாள். எழுதியது கோணியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சு முடிகிற வழியாக இல்லை. ஒரு கட்டத்தில் அதிகாரி அம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். அது நல்லதா கெட்டதா என்று கறார் டீச்சருக்குப் புரியவில்லை. மகள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அம்மாவைப் பார்க்காமல் கூடத்து வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டு படியேறிவிட்டாள். வந்தவர்கள் நன்றி சொன்னார்கள், தகவல் வரும் என்றார்கள், போய்விட்டார்கள்.

எல்கேஜி டீச்சர் ஓடி வந்து, "கேளுங்கக்கா, என்ன சொன்னான்னு கேளுங்க" என்று பிடுங்கி எடுத்தாள். கறார் டீச்சர் அசையவில்லை. அவளாகச் சொன்னால்தான் உண்டு என்றாள். தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். வெளியே கடைகளின் விளக்குகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. பாதி வழியில் மகள்தான் ஆரம்பித்தாள்.

"நான் என்ன சொன்னேன்னு கேக்க மாட்டியா?"

"நீ சொன்னா கேட்டுக்கறேன்."

மகள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஸ்கூல் ரொம்பப் பிடித்திருக்கிறது, அது நிஜம் என்று சொன்னாளாம். அம்மா நன்றாகச் சொல்லித்தருகிறாள் என்றும் சொன்னாளாம். "அப்புறம், எனக்குன்னு ஒரு கிளாஸ் இல்லைன்னு சொன்னேன். கரெக்டா ஆன்சர் சொன்னா பொறாமைப்பட ஆள் இல்ல. தப்பா சொன்னா சிரிக்க ஆள் இல்ல. இங்க வந்ததுலேர்ந்து என் வயசுல ஒருத்தர்கிட்டயும் நான் பேசினது இல்லைன்னு சொன்னேன்."

கறார் டீச்சர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அம்மாவுக்கு இது தெரியுமான்னு கேட்டாங்க. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், இது மட்டும் தெரியாத மாதிரி இருக்காங்கன்னு சொன்னேன்."

முதலில் வந்தது கோபம்தான்.  "உனக்காகவும் சேத்துத்தானேடி இவ்வளவும்" என்றாள். குரல் உயர்ந்ததில் முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகன்னு சொல்லாதம்மா" என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள். "உனக்காகன்னு சொல்லு. அதுல ஒண்ணும் தப்பில்ல."

கறார் டீச்சர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். மகளும் பின்னாலேயே இறங்கினாள். மிச்ச தூரத்தை இருவரும் நடந்தார்கள், ஒருத்தி முன்னாலும் ஒருத்தி கொஞ்சம் தள்ளிப் பின்னாலுமாக. வீட்டுக் கதவைத் திறந்த கணவர் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். மகள் உள்ளே போனதும் கறார் டீச்சர் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுவிட்டு, தெரியும் என்றார். மத்தியானத்தில் மகள் சில நாள் ஃபோன் பண்ணுவாளாம். பேச ஒன்றுமில்லை, சும்மாதான், என்பாளாம். அவர் வரைந்துகொண்டே ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம். அவளும் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருப்பாளாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன், ரெண்டு தடவை. நீ அடுத்த வருஷ அட்மிஷனைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்ட."

அவளுக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் தட்டை எடுத்துப் போடலாம் போலிருந்தது. போடவில்லை. அவர் சொன்னது அப்படியே நடந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்து வந்த வாரங்கள் நெருப்பின் மேல் நிற்பது போலத்தான் கழிந்தன. மகள் என்ன சொன்னாள் என்பதைக் கறார் டீச்சரே தோழியிடம் சொன்னாள். மறைக்க மனம் வரவில்லை. எல்கேஜி டீச்சர் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. "போச்சு" என்றாள். அதன் பிறகு வேலை விஷயம் தவிர வாயைத் திறக்கவில்லை. வாண்டுகளோடு கொஞ்சுகிற குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் வந்தால் அணைந்துவிடும். வாசலில் பிள்ளைகளை விட வருகிற பெற்றோர்கள் ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்று சிரித்து அனுப்பிவிட்டுக் கறார் டீச்சர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நிற்பாள். ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பாள்.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தாள். எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருந்த 'எட்டாம் வகுப்பு' காகிதத்தைத் தானே பிய்த்தாள். முடிவு என்னவாக இருந்தாலும் அந்த ஜன்னல் இல்லாத அறையில் இனி யாரும் உட்கார வேண்டாம் என்றாள். மகளின் மேஜையை மாடி வராந்தாவுக்கு இழுத்துப் போட்டார்கள். பிய்த்ததற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கவில்லை. மகளும் மேஜையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அலுவலகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. இரண்டு டீச்சர்களும் ஒரே டாக்ஸியில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதிகாரி அம்மா சுற்றி வளைக்கவில்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு அனுமதி கிடையாது. ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை ஒரு வகுப்பு என்று சொல்வதை அலுவலகம் ஏற்காது என்றார். எல்கேஜி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். தொடக்கப் பள்ளி வரைக்கும் அனுமதி உண்டு என்றார் அடுத்து. அதற்கும் நிபந்தனைகள்: ஜன்னல் இல்லாத அறை வகுப்பாகக் கூடாது, பின்பக்கம் இன்னொரு வாசல் வேண்டும், அந்தப் பெண்ணை அடுத்த பருவத்துக்குள் அவள் வயதுப் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் சேர்த்தாக வேண்டும்.

எழுந்திருக்கும்போது கறார் டீச்சர் ஒன்று கேட்டாள். என் மகள் அப்படிப் பேசியிராவிட்டால் என்ன முடிவு வந்திருக்கும் என்றாள். அதிகாரி அம்மா கொஞ்சம் யோசித்தார். தெரியவில்லை, ஆனால் எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார்.  எல்கேஜி டீச்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி பிழைத்தது. நட்பு முழுசாகப் பிழைக்கவில்லை. பெரிய பள்ளி என்ற எல்கேஜி டீச்சரின் கனவில் பாதி அன்றைக்கே உடைந்துவிட்டது. உடைத்தது யார் என்பதை அவளால் மறக்க முடியவில்லை. ஒரு வருஷம் கூட இருந்தாள், குறை வைக்காமல் வேலை செய்தாள். பிறகு நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு பெரிய பள்ளியில் மழலை வகுப்புக்குப் பொறுப்பாகப் போய்விட்டாள். கிளம்புகிற அன்று வாண்டுகள் அழுதன. கறார் டீச்சரும் அழுதாள், அதுவும் எல்லாருக்கும் முன்னால். "நல்லா நடத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தோழி போனாள். இப்போதும் எப்போதாவது ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு பிள்ளைகளைப் பற்றி இருக்கும்வரை நன்றாகப் போகும்.

மகள் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் தினமும் தலைவலியோடு வந்தாள். நாள் முழுக்கப் புரியாத பாஷையைக் கேட்டுக் கேட்டு வருகிற வலி. மாலையில் வீட்டுப்பாடத்தை விரித்தால் அம்மாவுக்கும் புரியாது. எண்கள் மட்டும் புரியும். எண்களைச் சுற்றியிருக்கும் வாக்கியம் புரியாது. இரண்டு ரயில்களா, இரண்டு தொட்டிகளா என்றே தெரியாமல் கறார் டீச்சர் கணக்குப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இவளை ஆழம் தெரியாத தண்ணீரில் தள்ளிவிட்டோமோ என்று பயந்தாள். திரும்ப வந்துவிடுகிறாயா என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். மகள் யோசித்துவிட்டு, "கொஞ்ச நாள் பாக்கறேன்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்று கேட்கக்கூடாது என்று கணவர் கண்ணால் சொன்னார்.

குளிர் குறையத் தொடங்கிய சமயம் அந்தப் பள்ளியிலிருந்து அம்மாவை வரச்சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. கறார் டீச்சர் தன் வகுப்புகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். என்ன ஆயிற்றோ, யாராவது அடித்துவிட்டார்களா, ஃபெயிலா, வேண்டாம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லப்போகிறார்களா என்று வழியெல்லாம் மனசு கண்டபடி ஓடியது. வகுப்பாசிரியர் இளம் வயதுக்காரர். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியைக் காட்டினார். இத்தனை வருஷ வேலையில் அந்தப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள்.

அவர் ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறி, சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். படிப்பில் குறை இல்லை, கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் வகுப்பு நடக்கும்போது பக்கத்தில் இருக்கிற பெண்ணோடு ஓயாமல் பேசுகிறாள். இடம் மாற்றி உட்காரவைத்தால் அங்கே இருக்கிறவளோடு பேசுகிறாள். நீங்களும் ஆசிரியர், வீட்டில் கொஞ்சம் கண்டித்துவைத்தால் நன்றாக இருக்கும்.

கறார் டீச்சர் குனிந்து தன் கைப்பையில் எதையோ தேடினாள். முகம் சரியாகிற வரைக்கும் தேடினாள். பிறகு நிமிர்ந்து, கட்டாயம் கண்டிக்கிறேன் என்று கண்டிப்பான குரலில் சொன்னாள்.

வெளியே வராந்தாவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு பெண் ஒரு தூணில் சாய்ந்தபடி இவளுக்காகக் காத்திருந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"கிளாஸ்ல பேசறியாமே."

"ரொம்ப இல்லம்மா."

"இல்ல, ரொம்பன்னுதான் சொன்னாரு" என்றாள் கறார் டீச்சர். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம், இப்போது உள்ளே போ என்றாள். தன் பள்ளியில் மதிய வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவளுடைய பிள்ளைகள் அங்கே காத்திருப்பார்கள். வாசலைத் தாண்டும் முன்பே முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு பெண்களும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை.